முனைவர் என்று அச்சடிக்க மாட்டேன்

ஏலே, நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் இதை என் வலைப்பூவில் எழுதுகிறேன். இதை நீ படிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்தின் ஓரத்தில் நான் வைத்திருக்கும் கவுண்டர், யார் எந்த ஊரிலிருந்து வந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒரு பதிவைப் போட்டதும் முதலில் வந்து நிற்பது உன் ஊர்ப் பெயர்தான். பின்னூட்டம் மட்டும் வராது. அம்மா எழுதுவதைப் படிக்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கம். இருக்கட்டும். குடும்பச் சண்டையை ஊர் முன்னால் ஏன் விரிக்கிறாய் என்று கேட்பாய். வெம்பக்கோட்டைக் காட்டில் உன் சித்தியை நீ ஊர் முன்னால்தான் ஏசினாய். அதற்கு இது சரியாகப் போகும்.

புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிறவள். வெடி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். என் மகன் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். செய்துகொண்டிருந்தான் என்று இறந்தகாலத்தில் எழுதுவதற்கே விரல் கூசுகிறது. தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பாவுக்கு ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. கல்யாணம் முடிந்ததும் ஆராய்ச்சியை விட்டுவிட்டு மாமனாரின் ஆபீஸில் உட்காரப் போகிறானாம். பட்டாசு மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சாப்பிட்ட சோறு எல்லாம் அதன் லேபிளிலிருந்து வந்ததுதான். பெண் மேலும் கோபம் இல்லை. என் கோபம் எல்லாம் உன் மேல்தான், அதுவும் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

உன் மாமனாராகப் போகிறவர் போன வாரம் அச்சகத்துக்கு வந்தார். காலண்டர் சீசன், மெஷின் ஓடுகிற சத்தத்தில் காதில் வாய் வைத்துத்தான் பேச முடியும். உன் பத்திரிகையை நான்தான் அமைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். அம்மன் படம் பெரிதாக இருக்கட்டும் என்றார், பெரிதாக்கினேன். கம்பெனிப் பெயர் தங்க எழுத்தில் வரட்டும் என்றார், அதையும் செய்தேன். பிறகு உன் பெயரின் மேல் விரலை வைத்தார். "மதினி, மாப்ள பேருக்கு முன்னாடி முனைவர்னு போடணும்லா. அம்புட்டுப் படிச்சிருக்காக. நாலு கம்பெனிக்காரக வாங்கிப் பாக்கும்போது கொஞ்சம் கெத்தா இருக்க வேண்டாமா?"

இன்னும் வாங்கவில்லை, பாதியில் இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பாதி கிணறு தாண்டினவனையும் தாண்டினவன் என்றுதானே சொல்கிறோம் என்றார். பாதி கிணறு தாண்டினவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. உள்ளே விழுந்தவன் என்றுதான் சொல்வார்கள். சம்பந்தி என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அவர் உடனே உனக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். நீ மறுப்பாய் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். நீ சொன்னது: "போட்டுரும்மா. இதெல்லாம் யாரு சரிபாக்கப் போறா."

யாரிடம் சொன்னாய் அதை? ஒரு பக்கத்தில் ஒற்று மிகுந்திருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்டவளிடம். 'சக்கரம்' என்கிற லேபிளில் ஒரு புள்ளி விட்டுப்போய் 'சககரம்' ஆனதற்காக ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கினவளிடம். யார் சரிபார்ப்பார்கள் என்று நீ கேட்டால் அதற்கு இந்த வீட்டில் ஒரே பதில்தான் உண்டு. நான் பார்ப்பேன். சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த இடத்தில் நான் அந்தச் சொல்லைப் போடவில்லை. கோப்பு அப்படியே திறந்து கிடக்கிறது. சம்பந்தி தினமும் ஆள் அனுப்புகிறார். காலண்டர் வேலை நெரிசல், முடிந்ததும் ஏற்றுகிறேன் என்று நானும் தினமும் சொல்லியனுப்புகிறேன்.

அந்தச் சொல்லுக்காக நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருப்பாய். நீ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் விடுமுறைக்கு வந்தபோது, என்னடா படிக்கிறாய் என்று ஆசையாகக் கேட்டேன். வாயில் தோசையோடு, "ஒனக்குப் புரியாதும்மா" என்றாய். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது எனக்கு. அச்சகத்தில் படங்கள் அனுப்ப நெட் கனெக்‌ஷன் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைக் கீபோர்டு பக்கத்தில் வைத்துக்கொண்டு 'மக்காச்சோளம், தாவும் ஜீன்' என்று ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தேட ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முழுசாக வருவதற்குள் சோறே முடிந்துவிடும். ஆனால் வந்தது பார், அது என்ன மாதிரியான விஷயம். ஒரு செடியின் உடம்புக்குள் ஒரு துண்டு தானாக இடம் மாறி இடம் மாறித் தாவுகிறது. ஒரு கதிரில் மணிகள் வெள்ளையாக இருக்கும், அதன் மேல் யாரோ ஊதா மை தெளித்த மாதிரிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தாவல். சினிமா நடிகருக்கு ரசிகர் மன்றம் வைக்கிறார்கள் அல்லவா, அப்படி இந்தத் தாவும் ஜீனுக்கு விருதுநகர் மாவட்டத்தில் ரசிகர் மன்றம் வைத்தால் தலைவி நான்தான். உறுப்பினர் யாரும் கிடையாது. நீ ஒருத்தன் இருந்தாய், நீயும் விலகிவிட்டாய்.

ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் எனக்குப் புரிய வைக்கவில்லை. என் வேலைதான் புரிய வைத்தது. ஒரு நாள் ஒரு காலண்டருக்கு ராசிபலன் அமைத்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கிருந்தோ வெட்டின ஒரு சங்குசக்கர லேபிள் வாசகம், கை தவறி ராசிபலன் நடுவில் போய் ஒட்டிக்கொண்டது. கடகராசிக்காரர்களுக்குத் திருமணம் என்கிற வரிக்கு நடுவே 'பெரியவர்கள் மேற்பார்வையில் பற்றவைக்கவும்' என்று நிற்கிறது. அந்த வரி கெட்டுவிட்டது. எந்தப் பக்கத்தில் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ராசிபலனைத் தேடினால் கிடைக்காது, எனக்கு அது மனப்பாடம் கிடையாது. ஆனால் லேபிள் வாசகம் எனக்குத் தெரியும். 'பற்றவைக்கவும்' என்று தேடச் சொன்னேன். நேராக அந்த இடத்தில் போய் நின்றது. அந்த நிமிஷம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பயிருக்குள் எந்த ஜீன் எந்த வேலை செய்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. தாவும் துண்டு போய் ஒரு ஜீனுக்குள் உட்காருகிறது, அந்த ஜீனின் வேலை நின்றுபோகிறது. செடி வெளுக்கிறது, அல்லது குட்டையாகிறது. ஜீன் நமக்குத் தெரியாது, ஆனால் தாவும் துண்டின் எழுத்து நமக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் அது உட்கார்ந்த இடம் கிடைக்கும். அந்த இடத்தின் வேலை இதுதான் என்று அப்போது தெரிந்துவிடும். உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாய். பிறகு சரிதான்மா என்றாய். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் இதே ராசிபலன் கதையைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியதாக உன் நண்பன் என்னிடம் சொன்னான். நன்றாக இருந்ததாம். அம்மா சொன்னது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். சொன்னால் உன் கெத்து என்ன ஆவது.

சரி, அது பழைய பகை. இப்போதைய பகைக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு சோளச்செடி இருந்தது. இலை பச்சையாக இல்லாமல் வெளிறி, மஞ்சள் பூத்து, உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். வெயிலைச் சோறாக்குகிற வேலையில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஏதோ ஒரு ஜீன் அதில் நின்றுபோயிருக்கிறது என்பது உன் கணிப்பு. நிறுத்தியது தாவும் துண்டுதானா, வேறு கோளாறா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே சாட்சி உண்டு என்று நீயே சொன்னாய். அந்தத் துண்டு விழித்திருந்தால், இலை வளர வளர அங்கங்கே அது எழுந்து வெளியே தாவும். தாவின இடத்தில் ஜீன் மறுபடி வேலை செய்யும். வெளுத்த இலையில் பச்சைக் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் மறுத்துப் பேச முடியாது. அதற்காக அந்த வெளுத்த செடியையும், தாவும் துண்டு விழித்திருக்கிற வேறொரு செடியையும் சேர்த்து, அதன் பிள்ளையைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்க வைத்துக் கதிர் எடுத்தாய். புள்ளி போட்ட கதிர்கள். ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? நான் ஒன்றைக் கெஞ்சி வாங்கினேன். அச்சகத்து ஸ்கேனர் கண்ணாடியில் அந்தக் கதிரைப் படுக்க வைத்துப் படம் எடுத்து இந்தப் பக்கத்தில் போட்டேன். பழைய பதிவுகளில் இன்னும் இருக்கிறது. ஸ்கேனர் மூடி மூடவில்லை என்று மேலே ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினேன், பிணம் மாதிரி இருக்கிறது என்று மெஷின்மேன் கேலி செய்தார்.

பல்கலைக்கழகத்தில் உனக்குக் கொடுத்த பாத்தியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் வெம்பக்கோட்டையில் உன் சித்தி வாரத்துக்குப் பிடித்திருக்கும் மானாவாரிக் காட்டில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி விதைத்தாய். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் வலைப்பூவில் எழுதிவிடுவேனாம். சித்தியிடம் சொன்னது ஒரே வாக்கியம், ஆடு மாடு விடாமல் பார்த்துக்கொள் என்று. என்ன விதைத்திருக்கிறாய், எதற்கு, முளைத்ததும் எது எப்படி இருக்கும், ஒன்றும் இல்லை. அவளுக்கும் புரியாது என்று நினைத்திருப்பாய். உன்னைப் பொறுத்தவரை எங்கள் யாருக்கும் எதுவும் புரியாது.

அவள் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலைக்குப் போகிறவள். தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளைக் கொஞ்ச நாள் பூட்டிவிடுவார்கள். அந்த விடுமுறையில்தான் அவள் வயசுப் பெண்கள் கை கால் நீட்டிப் படுப்பார்கள். இவள் படுக்கவில்லை. கூட வேலை செய்கிற ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு உன் மூலைக்குக் களை எடுக்கப் போனாள். அக்கா மகன் காடு என்று கூலியே வாங்காமல் வந்தார்கள் அவர்கள். களை எடுக்கும்போது என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது, நீ வேளாண்மை படித்தவன். நல்ல பயிருக்கு நடுவே வெளுத்து, மெலிந்து, உருப்படாமல் நிற்பதை இந்தப் பக்கம் சவலை என்பார்கள். தாய்ப்பால் கிடைக்காமல் வாடின பிள்ளைக்குச் சொல்கிற அதே சொல். சவலையை விட்டுவைத்தால் பக்கத்துப் பயிரின் உரத்தைத் தின்றுவிடும். ஆகவே களையோடு சேர்த்துச் சவலையையும் பிடுங்கிப் போடுவார்கள். அதைச் செய்யாதவள் சோம்பேறி என்று பெயர் வாங்குவாள். உன் சித்தி சோம்பேறி இல்லை.

நீ வந்து இறங்கின அன்று நானும் பஸ்ஸில் கூட வந்தேன். சித்திக் காட்டுக்கு என்று மட்டும் சொன்னாய், பேண்ட்டை மடக்கிவிட்டுக்கொண்டு என்னை முந்திப் போனாய். காடு முழுக்கப் பச்சை. அடிச்சுப் பெய்த மழைக்கு அப்படி ஒரு பச்சை. உன் சித்தி வரப்பில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "வாலே, வா. ஒங் காட்டப் பாரு. சவல ஒண்ணுகூட விடல. அம்புட்டையும் புடுங்கி ஆட்டுக்குப் போட்டுட்டேன்."

உன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த நொடியே விஷயம் புரிந்துவிட்டது. வெளுத்ததெல்லாம்தான் உன் பயிர். பச்சைதான் உனக்குக் களை. நீ அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன். நீ அழவில்லை. பாதையில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிற மாதிரிக் கத்தினாய். "அறிவிருக்கா ஒனக்கு? படிக்காத கூட்டத்துக்கிட்டக் குடுத்தேம்பாரு, என்னயச் செருப்பால அடிக்கணும்." கூட வந்த பெண்களும் நின்றார்கள். சித்திக்கு என்ன தப்பு செய்தோம் என்றே தெரியவில்லை. அவள் ஆட்டைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யக்கா, நல்லாத்தான களையெடுத்திருக்கு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நீ பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாய். அவள் சமைத்து வைத்திருந்த கோழிக்குழம்பை நான் ஒருத்தி உட்கார்ந்து தின்றேன், அவள் மனசுக்காக. நீ திரும்ப வருவாய் என்று உனக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சி போதும் என்று சொன்னாய். மறுபடி முதலிலிருந்து சேர்த்துக் கதிர் எடுக்கணும், அதுக்குள்ள உதவித்தொகை நின்றுவிடும், வழிகாட்டி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று காரணம் காரணமாக அடுக்கினாய். அந்த வாரமே ஆனைக்குட்டத்துச் சம்பந்தத்துக்குத் தலையாட்டினாய். உன் அப்பாவுக்குச் சந்தோஷம். பையன் ஓடி அலைந்தது போதும், ஒரு இடத்தில் உட்காரட்டும் என்கிறார். உட்காருவதில் எனக்கு மறுப்பு இல்லை. உட்கார்ந்த இடத்தில் எது நின்றுபோகிறது என்றுதான் நான் பார்க்கிறேன். தாவும் ஜீனைப் பற்றி இத்தனை வருஷம் படித்தவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

சவலை என்ற சொல்லைக் கேட்டு நீ அன்று ஏன் அப்படிக் கொதித்தாய் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். உனக்கு அந்தச் சொல் புதிது இல்லை. நீ கைப்பிள்ளையாக இருக்கும்போதே நான் லேபிள் ஒட்டுகிற வேலைக்குப் போய்விட்டேன். பால் மறந்து நீ வெளுத்து, வயிறு முட்டி, கால் குச்சியாகி நின்றாய். தெருவே உன்னைச் சவலைப்பிள்ளை என்றது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. வேலைக்குப் போகாவிட்டால் பாலும் இருந்திருக்காது, சோறும் இருந்திருக்காது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்த வாசலில் நின்றாலும், இது தேறாது என்று ஒருத்தி சொல்லாமல் இருக்க மாட்டாள். அவர்களிடம் நான் வாய்ச்சண்டை போட்டேனே தவிர உன்னைப் பார்த்து நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். நீ படிப்பில் சவலை இல்லை. மனிதர்களிடம் பேசுவதில் சவலை. ஒரு வாக்கியம் கூடுதலாகச் சித்தியிடம் பேசியிருந்தால் உன் ஆராய்ச்சி அந்த மூலையில் நின்றிருக்கும்: வெளுத்ததை விட்டுவிடு சித்தி, அதுதான் எனக்கு வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை. வாய் இருந்தால் போதும்.

இனி நான் சொல்லப்போவதை நின்று படி. ஸ்கேனருக்காக நான் வாங்கின கதிர் என்ன ஆயிற்று என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. என் மேஜை டிராயரில், மவுஸ் பந்து துடைக்கிற துணிக்கும் பழைய லேபிள்களுக்கும் நடுவில் கிடந்தது. காட்டிலிருந்து வந்த மறுநாள் உதிர்த்தேன். அச்சகத்துக்குப் பின்னால் காலி மை டப்பாக்கள் குவிந்து கிடக்கும். அவற்றைத் தின்னர் போட்டுக் கழுவி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, வெம்பக்கோட்டை மண்ணைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து நிரப்பி, ஊன்றினேன். கண்டக்டர் மண்ணுக்கும் லக்கேஜ் கேட்டார். எல்லாம் முளைத்தன. பெரும்பாலும் பச்சை. சில மட்டும் வெளுப்பு. மெஷின்மேன் தண்ணீர் ஊற்றப் போனவர், "அக்கா, இதுக தேறாது, புடுங்கிரட்டா?" என்று கேட்டார். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். அப்போது உன் சித்தி ஞாபகம் வந்தது. இவரிடம் நான் சொல்லியதால் டப்பா தப்பித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நேற்று முன்தினம் உனக்குப் பார்த்திருக்கிற பெண் அச்சகத்துக்கு வந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். திரையில் உன் பெயருக்கு முன்னால் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டாள். "அத்த, அவுக முனைவரா இல்லயா? இல்லேன்னா போடாதீக. நாளைக்கு எவனாவது கேட்டா நாந்தான் முழிக்கணும்." அவளைக் கொஞ்சம் வெறுக்கலாம் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. டீ வாங்கிக் கொடுத்துப் பின்பக்கம் கூட்டிப்போனேன். டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்றின் முன்னால் குனிந்தாள். வெளுத்த செடி ஒன்றின் இலையில் நீளமாகப் பச்சை இருந்தது. "அத்த, இதுல பச்ச மை சிந்திருச்சு போல" என்றாள்.

நானும் மை என்றுதான் நினைத்தேன். மை டப்பா அல்லவா, இலை விளிம்பில் பட்டிருக்கும் என்று முந்தானையை எச்சிலில் நனைத்துத் துடைத்தேன். போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தவள் நான், இதையும் எழுதிவிடுகிறேன், நீ சிரித்துக்கொள். பிறகு குனிந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு இலையின் மேலே இல்லை, இலைக்குள்ளே இருந்தது. நரம்போடு நரம்பாக, நுனி வரைக்கும். பக்கத்து டப்பாவில் இன்னொரு வெளுப்பு, அதிலும் ரெண்டு மெல்லிய கோடு. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய் என் முதுகைத் தடவினாள். மயக்கம் இல்லை என்று சொல்லி, பின்பக்கச் சுவரில் ஆணியால் கீறி அவளுக்கு முழுதும் விளக்கினேன். ராசிபலன் கதையைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். முடிவில் ஒன்று கேட்டாள். இதையெல்லாம் விட்டுவிட்டு அவர் ஏன் எங்கப்பா ஆபீஸுக்கு வருகிறார் என்று. அவளிடம் நீ சொல்.

உன் துறைக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஆங்கிலப் பக்கம் ஒன்றில், பெயரை மாற்றிக்கொண்டு, கோட்டின் படத்தைப் போட்டுக் கேட்டேன். என் ஆங்கிலத்தைப் படித்து எவனோ ஒருவன் முதலில் கேலி செய்தான். இன்னொருவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது நல்ல அறிகுறி, ஆனால் கண்ணால் பார்த்ததே முடிவு ஆகாது, இலையின் பச்சைப் பகுதியையும் வெளுத்த பகுதியையும் தனித்தனியே வெட்டி, உடனே ஐஸில் வைத்துக் கொண்டுபோய், தாவும் துண்டு எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்கச் சொல்லுங்கள், இலை முற்றும் முன்னால் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறார். யாரிடம் சொல்ல? என் மகனிடம் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, இதோ சொல்லிவிட்டேன்.

நீ செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். ஆபீஸில் உட்காருவதோ உட்காராததோ உன் இஷ்டம், கல்யாணத்தையும் நான் நிறுத்தச் சொல்லவில்லை, அந்தப் பெண் உன்னைவிட நல்லவள். முதலில் இங்கே வராதே. வெம்பக்கோட்டைக்குப் போ. உன் சித்தி இன்னும் அந்தக் காட்டைப் பார்த்துப் பார்த்து, அக்கா, நல்லாத்தானே எடுத்திருக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கூட வந்த ரெண்டு பெண்களும் இருக்கும்போது, நீ கத்தின அதே பாதையில் நின்று, நல்லாத்தான் எடுத்தாய் சித்தி, நான்தான் சொல்லவில்லை என்று சொல். பிறகு அவளை இங்கே கூட்டி வா. வெளுப்பில் கோடு எதற்கு வருகிறது என்று அவளுக்கு நீ சொல்லிக்கொடு. அவளுக்குப் புரியும்வரை நீ இலையைத் தொட நான் விடமாட்டேன். புரியாவிட்டால், சொல்லிக்கொடுக்கிறவனிடம்தான் குறை.

திருத்தங்கல் மீன்கடைக்காரரிடம் ஐஸ் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் விசேஷமா, மீன் நிறைய எடுத்திருக்கீகளா என்று கேட்டார். இல்லை, ஒரு இலையை வைக்க வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலையில் லோடு வரும்போது மட்டும்தான் உடைக்காத ஐஸ் இருக்குமாம், வெயில் ஏறிவிட்டால் கிடையாதாம். ஆகவே காலையில் வா. இலை முற்றிக்கொண்டிருக்கிறது, சம்பந்தியிடம் சொல்லக் காலண்டர் சாக்கும் தீர்ந்துகொண்டிருக்கிறது. நீ வராவிட்டால் ஐஸை மீனுக்கு விட்டுவிடுவேன், பத்திரிகையை மெஷினில் ஏற்றிவிடுவேன். உன் பெயருக்கு முன்னால் ஒன்றும் இருக்காது. சரிபார்த்துவிட்டேன்.